பாட்டில்லாத கேசட்

"கேசட்டுல இருந்த பாட்டையெல்லாம் யாரோ அழிச்சிட்டாகளாம். வந்து பாக்கச் சொன்னாக ஆச்சி" என்று வேலையாள் வந்து நின்றபோது, நான் ஒரு மர்பி ரேடியோவின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். 1987. எனக்கு 17 வயது. காரைக்குடி செக்காலை ரோட்டில் அப்பா வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் காய்ச்சப் பழகிக்கொண்டிருந்த காலம். ஆச்சி வீட்டில் மலேசியாவிலிருந்து மகன் கொண்டுவந்த வீடியோ டெக் ஒன்று புதிதாக இறங்கியிருந்தது. சிவாஜி படம் வேண்டும் என்று கேட்டதற்கு, வாடகைக் கேசட் கடைக்காரன் எதையோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். முக்கால் மணி நேரம் ஓடியும் ஒரு பாட்டு வரவில்லை. கேசட் பழுது என்றே ஆச்சி முடிவு கட்டிவிட்டார்.

ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். ஹெட்டைத் துடைத்தேன். முதலில் இருந்து போட்டேன். வசனம் கணீரென்று வந்தது. பின்னணி இசை வந்தது. பாட்டு வரவில்லை. சரி, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பட்டாலை ஓரமாக உட்கார்ந்தேன். கடைக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பே அற்றுப்போய், படம் முடிந்தபோதுதான் எழுந்தேன். அன்றைக்கு அப்பாவிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. இருக்கட்டும். அந்த ஏச்சுக்குப் பெறுமானமான படம் அது.

'அந்த நாள்'. 1954 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு நாள் முன்னால், ஏவி.எம். வெளியிட்ட படம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. தமிழ் பேசும்படங்களில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான். ஆச்சி வீட்டு டெக் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. முப்பதுக்கு மேலே இருக்கும். வி.எச்.எஸ். போய், சிடி போய், இப்போது கடையில் இருக்கும் ஒரு பழைய மானிட்டரில் பார்க்கிறேன். இன்னமும் முதல் காட்சியில் முதுகு நிமிர்கிறது. ஜப்பான் விமானம் மெட்ராஸ் மேல் குண்டு போட்ட 1943 அக்டோபர் 11. அதுதான் தலைப்பில் இருக்கிற நாள். அந்தக் கலவரத்துக்கு நடுவே ராஜன் என்கிற ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுச் சாகிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி. யோசித்துப் பாருங்கள்: 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற புது நட்சத்திரம், அந்த ஆளைத் திரை விலகியதும் பிணமாக்கிப் போட்டுவிட்டு, "இனிமேல் கதையைக் கேளுங்கள்" என்கிறார் டைரக்டர். அந்த டைரக்டருக்கு அப்போது 27 வயது! சிவாஜிக்கு 25!

எனக்குப் பிடித்த சங்கதி இதற்குப் பின்னால்தான் இருக்கிறது. பாட்டு வேண்டாம் என்று சொன்னவர் யார்? வீணை வாசிக்கிறவர். குருவிடம் உட்காராமல் தானாகவே வீணை பழகி, பிற்பாடு பத்மபூஷண் வரைக்கும் போனவர். சிறு பையனாக 1934-இல் 'சீதா கல்யாணம்' படத்தில் ராவணன் சபையில் தோன்றியதில் இருந்தே இசையும் சினிமாவும் அவருக்கு ஒன்று. அப்படிப்பட்டவர் பாட்டை வெளியே நிறுத்துகிறார். சரி என்று தலையாட்டிப் பணம் போட்டவர் யார்? எங்கள் ஊர்க்காரர். காரைக்குடியில் அப்பா நடத்திய கடையில் கிராமபோன் தட்டு விற்றுத் தொழிலைத் தொடங்கி, சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து, பாட்டாலேயே வளர்ந்த ஏ.வி. மெய்யப்பன். பாரதி பாட்டின் உரிமையை வாங்கி 'நாம் இருவர்' படத்தில் போட்டு ஊர் ஊராக ஒலிக்க வைத்தவர். பாட்டு விற்றவரும் பாட்டு வாசிப்பவரும் சேர்ந்து பாட்டில்லாத படம் எடுத்திருக்கிறார்கள். அல்வாக் கடைக்காரர் வீட்டு விசேஷத்தில் இனிப்பே இல்லாத பந்தி மாதிரி!

படம் எடுத்தது கோடம்பாக்கத்தில்தான். ஆனாலும் அதை எங்கள் ஊர்ப் படம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் 1945-இல் தொடங்கியபோது அதன் ஸ்டுடியோ இங்கே, தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது. போர்க்காலத்தில் மெட்ராஸில் ஸ்டுடியோ அமைக்க வழியில்லாமல் சொந்த ஊரில் கொட்டகை போட்டார்கள். 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். 1948-இல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கோடம்பாக்கம் போனார்கள். போர் துரத்திய கம்பெனி ஆறு வருஷம் கழித்து, அந்தப் போரை வைத்தே ஒரு படம் எடுத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இனி இருட்டுக்கு வருகிறேன். 1946-இல் பிரெஞ்சு விமர்சகர் நீனோ ஃபிராங்க் சில அமெரிக்கக் குற்றப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்று பெயர் வைத்தார். கறுப்புப் படம் என்று பொருள். பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் நிழல். நல்லவன் யார் என்று கடைசிவரை தெரியாது. ஆசையும் பணமும் ஒரு துப்பாக்கியும். தமிழில் அந்த வகைக்கு உதாரணம் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது 'அந்த நாள்'. ஒளிப்பதிவு மாருதி ராவ். 'பராசக்தி'யைப் படம்பிடித்ததும் இவர்தான். அந்தப் படத்தில் விளக்கு முகத்துக்கு வேலை செய்தது. இதில் சுவருக்கு வேலை செய்கிறது. ஜன்னல் கம்பியின் நிழல் ஒருவன் மேல் விழுந்தால் அவன் சொல்வதில் பாதிதான் உண்மை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கேமராவைச் சாய்த்துவைத்த கோணங்கள் வேறு. முதல் தடவை பார்த்தபோது டி.வி. ஸ்டாண்டுதான் ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்று குனிந்து பார்த்தேன். செட்டிநாட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இருட்டு புதிதில்லை. முகப்பில் கண்கூசும் வெயில், உள்ளே போகப் போக மங்கல், இரண்டாங்கட்டுக்கு அப்பால் பகலிலேயே விளக்கு. எந்த அறையில் யார் நிற்கிறார்கள் என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

கொலையைத் துப்பறிய வருகிறவர் சி.ஐ.டி. சிவானந்தம். அந்த வேஷத்தில் ஜாவர் சீதாராமன். எழுதியதும் அவரே. எனக்கு அவர்மேல் தனிப் பித்து உண்டு. பிற்பாடு 'பட்டணத்தில் பூதம்' படத்தில் ஜாடியில் இருந்து வந்து குழந்தைகளைச் சிரிக்க வைத்தாரே, அதே மனிதர். இதில் குரலையே உயர்த்தமாட்டார். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். பதில் சொல்கிறவன் அந்தச் சும்மாவைத் தாங்கமாட்டாமல் தானே உளறுவான். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே சந்தேகிக்கிறான். ஹேமா, ராஜனோடு தொடர்பில் இருந்த அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையைச் சொல்கிறாள். விரல் ஒரு வட்டம் சுற்றி, புறப்பட்ட ஆளிடமே வந்து நிற்கிறது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் ஒருமுறை சாகிறான். ஒருத்தர் கண்ணில் கஞ்சன், ஒருத்தர் கண்ணில் காமுகன், இன்னொருத்தர் கண்ணில் கடன்காரன். அத்தனை ராஜனையும் ஒரே சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார் சிவாஜி. உரக்கப் பேசத்தான் அவருக்குத் தெரியும் என்கிறவர்களை உட்கார வைத்து இதைக் காட்டவேண்டும். உதட்டோரம் ஒரு சின்ன இளக்காரம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் நடத்திவிடுகிறார்.

இந்த வேஷம் முதலில் அவருக்கு வரவில்லை என்பதை நினைத்தால் எனக்குப் பதறும். எஸ்.வி. சகஸ்ரநாமத்தை நடிக்கவைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த விசுவநாதனை வைத்து எடுத்தார்கள், அதுவும் மெய்யப்பனுக்குத் திருப்தியில்லை. எடுத்ததை ஒதுக்கிவிட்டு சிவாஜியை வைத்து மறுபடி எடுத்திருக்கிறார்கள். முதலாளி பிடிவாதத்தால் கெட்ட படங்கள் ஆயிரம் உண்டு. பிழைத்த படம் இது.

சரி, இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டுக் குறையை மறைத்தால் தொழில் தர்மம் ஆகாது. ரேடியோவைத் திறந்து பார்க்கிறவனுக்கு எந்த வால்வு பலவீனம் என்று தெரியாமல் இராது.

எல்லாரும் சொல்கிற குறை, 'ரஷோமானை'ப் பார்த்து எடுத்தது என்பது. குரோசவாவின் அந்தப் படம் 1950-இல் வந்தது. 1952-இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசப் படவிழாவில் காட்டினார்கள். பாலசந்தர் அதைப் பார்த்து மயங்கியது உண்மை. ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிற 'தி வுமன் இன் கொஸ்டின்' என்ற ஆங்கிலப் படத்தின் சாயலும் இதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது குறையே இல்லை. அடுப்பு யார் வீட்டு அடுப்பாக இருந்தால் என்ன, பணியாரம் நம்முடையதா என்று பார்க்கவேண்டும். என் குறை வேறு. 'ரஷோமா'னில் கொள்ளைக்காரன் சொன்னால் கதையே மார்தட்டிக்கொண்டு வரும். பெண் சொன்னால் கதை வேறு மாதிரி மூச்சு விடும். நம் படத்தில் சின்னையா பிள்ளை சொன்னாலும் ஹேமா சொன்னாலும் கதையின் நடை ஒன்றுதான். ஆள் மாறுகிறார், வாய் மாறவில்லை. ஜாவர் சீதாராமன் எல்லாருக்கும் தானே பேசிக்கொடுத்துவிட்டார்.

பட்டாபி – ஹேமா குடும்பச் சண்டை வரும் இடம் இன்னொன்று. அதுவரைக்கும் சுவரில் ஊர்ந்த நிழலெல்லாம் எங்கோ ஓடிவிடும். பளிச்சென்று நாடக மேடை. அண்ணன் தம்பி பங்குத் தகராறை நீட்டி நீட்டிப் பேசுவார்கள். என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், அந்தக் காட்சி வந்தால் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துவிடுவார். அம்புஜமும் அப்படித்தான். ஆசைநாயகி என்றாலே இப்படித்தான் இருப்பாள் என்று அந்தக் காலத்துச் சினிமா போட்டுவைத்த அச்சில் வார்த்த பாத்திரம். அமெரிக்கக் கறுப்புப் படமாக இருந்தால் ஆணைக் கவிழ்க்கிற பெண் ஒருத்தி இருப்பாள். இதில் கவிழ்க்கிறவன் ஆண். அந்தப் புதுமையைச் செய்தவர்கள் அம்புஜத்துக்கு மட்டும் பழைய சேலையையே கட்டிவிட்டார்கள்.

இதற்கும் மேலே ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லவேண்டுமானால் கொலையாளி யார் என்று சொல்லியாகவேண்டும். எழுபது வருஷம் ஆகிவிட்டது, சொல்லலாம். படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வரவும்.

உஷா. ராஜனின் மனைவி. பண்டரிபாய். கல்லூரி நாளில் தேசபக்தி பேசிய பெண். ராஜன் காதலித்துக் கட்டிக்கொண்டவள். மலிவு விலையில் ரேடியோ செய்ய வழி கண்டுபிடித்தவன் அவன். அந்தத் திறமைக்கு இங்கே மதிப்பில்லை. கசந்துபோய் ஜப்பானுக்கு ரகசியங்களை விற்கிறான். அது தெரிந்து தடுக்கப் போனவள் கையில்தான் துப்பாக்கி இருந்தது. நாடா, தாலியா என்ற கேள்வியில் நாடு ஜெயிக்கிறது. 1954-இல் கொட்டகையில் கைதட்டல் விழவேண்டிய இடம்.

எனக்கு இங்கேதான் இடறுகிறது. 1943-இல் நாடு என்பது யாருடையது? அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1942 ஆகஸ்டில், இங்கிருந்து கூப்பிடு தூரத்துத் தேவகோட்டையில் ஜனங்கள் நீதிமன்றத்தைக் கொளுத்தினார்கள், போலீஸ் சுட்டது. திருவாடானை ஜெயிலை உடைத்துச் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் சிவாஜி ரசிகர்களைத் திரட்டி மன்றம் கண்டாரே, அதே சின்ன அண்ணாமலை! இன்னொன்று: ராஜன் சுடப்பட்ட தேதியிலிருந்து சரியாகப் பத்தாம் நாள், அக்டோபர் 21, சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தை அறிவித்தார். கூட நின்றது அதே ஜப்பான். மலேயாத் தமிழர்கள் எத்தனை பேர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள்! அப்படியானால் ராஜன் காட்டிக்கொடுத்தது எந்த நாட்டை? பிரிட்டிஷ்காரன் நாட்டையா, நம் நாட்டையா? படம் இந்தக் கேள்வியின் வாசல்வரைக்கும் வந்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுகிறது. காசுக்கு விற்றான், துரோகி, கதை முடிந்தது என்று பூட்டிவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒருவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வர விடாமல் நம்மை அலைக்கழித்த படம், கடைசியில் அதுவே ஒரு தீர்ப்பை எழுதி நம் கையில் கொடுத்துவிடுகிறது. எனக்கு வருத்தம்தான். ராஜன் ரேடியோக்காரன் என்பதால் அவன் பக்கம் சாய்கிறேன் என்று ஆசிரிய நண்பர் கேலி செய்வார். இருக்கலாம்.

ஆனால் அன்றைக்கு ஆச்சி சொன்னதை நான் யாரிடமும் கேட்டதில்லை. படம் முடிந்து டெக்கை நிறுத்தினேன். ஆச்சியின் அப்பச்சி பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபின் கிட்டங்கியை அப்படியே போட்டுவிட்டு, அஸ்ஸாம் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். "பேரேடு ரெண்டு, உடுத்துன வேட்டி, அம்புட்டுத்தான் கொண்டாந்தாக" என்று ஆச்சி பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜப்பானுக்கு உளவு சொன்னவன் செத்ததில் இந்த வீட்டில் சந்தோஷம்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒயரைச் சுருட்டினேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "பாவம் அந்தப் பய. நல்ல சாமான் செய்யத் தெரிஞ்சிருக்கு. மொதல் போட ஒரு ஆளு இல்லாமப் போச்சே. எங்க அப்பச்சிகிட்ட வந்திருந்தா, வட்டி கொறச்சே குடுத்திருப்பாக."

நான் சிரித்துவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. கேசட்டை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். "பாட்டு இல்லாட்டியும் பரவால்ல தம்பி, கடைக்காரனை வையாதே" என்றார்.

'ரஷோமான்' வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். குரோசவாவே அன்று பட்டாலையில் இருந்திருந்தால் ஆச்சி சொன்னதை ஆறாவது சாட்சியாக எழுதிக்கொண்டிருப்பார் என்று தோன்றும். கொன்றது உஷா, கொல்லக் காரணம் தேசம், ஆனால் ராஜன் கெட்டது ஒரு கடன் கிடைக்காமல். படம் எழுதிவைத்த தீர்ப்பை ஒரு வரியில் மாற்றி எழுதிவிட்டார். அதற்கு இடம் கொடுத்ததும் அந்தப் படம்தானே? வில்லனுக்கு இவ்வளவு நியாயமான கசப்பைக் கொடுத்துவிட்டு அவனை வெறுக்கச் சொன்னால் முடிகிற காரியமா? இதைக் குறை என்று சொல்வதா, பலம் என்று சொல்வதா? முப்பது தடவை பார்த்தும் எனக்குத் தீரவில்லை.

முதல் ஓட்டத்தில் படம் சரியாகப் போகவில்லை. சாமானியமா? ஐந்தாறு பாட்டுக்குக் காசு கொடுத்துப் பழகிய ஜனங்கள்! பிறகு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அந்த வருஷத் தமிழ்ப் படங்களில் வெள்ளிப்பதக்கம் 'மலைக்கள்ளன்' வாங்கியது. சான்றிதழுக்குப் பின் மறுபடி திரையிட்டபோது கூட்டம் வந்தது. பாலசந்தர் இதே பக்கம் மேலும் நடந்தார்: 1964-இல் 'பொம்மை', 1970-இல் 'நடு இரவில்'. இரண்டும் எனக்குப் பிடிக்கும்; ஆனால் 'அந்த நாள்' வேறு. அவர் காலமானது 1990 ஏப்ரல் 13. படம் வெளியான அதே தேதி. செய்தியைக் கேட்ட நாளில் கடையில் இருந்த ஒரு வால்வு ரேடியோவைச் சும்மா போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடாகிப் பேச அதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் பச்சை விளக்கு மட்டும் மெல்ல விரியும். பாலசந்தர் படத்தில் வருகிற அமைதியும் அந்த மாதிரிதான். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிற அமைதி.

இப்போது கிடைக்கிற பிரதிகளைப் பற்றிப் புலம்பாமல் முடியாது. கோடு கோடாகக் கீறல். கறுப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது. இருட்டை நம்பி எடுத்த படத்தில் இருட்டு வெளுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மானிட்டரில் வெளிச்சத்தைக் குறைத்து, மாறுபாட்டைத் திருகி, முடிந்தவரை மாருதி ராவுக்கு நியாயம் செய்து பார்க்கிறேன்.

வருஷா வருஷம் அக்டோபர் 11 ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்தப் படத்தைப் போடுவது எங்கள் வழக்கம். எங்கள் என்றால் நானும் ஆசிரிய நண்பரும். சீடையும் தேன்குழலும் ஒரு டப்பா. போன வருஷம் அக்கா பேரன் வந்து உட்கார்ந்தான். கல்லூரி முதல் வருஷம். 2019-இல் வந்த 'கைதி'யைப் பத்துத் தடவை பார்த்தவன். "அதுலயும்தான் பாட்டு இல்ல தாத்தா" என்றான். இதே பாலசந்தர் 1951-இல் எடுத்த ஒரு படத்துக்கும் 'கைதி' என்றுதான் பெயர் என்று சொன்னேன். நம்பாமல் செல்லில் தேடிப் பார்த்துக்கொண்டான்.

பட்டாபி பேச ஆரம்பித்ததும் நண்பர் வழக்கம்போலத் தூங்கிவிட்டார். பையன் கடைசிவரை சாய்ந்துகூட உட்காரவில்லை. முடிந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சாவியை எடுத்தேன்.

"தாத்தா, மறுபடி முதல்ல இருந்து போடுங்க" என்றான். "உஷா மூஞ்சியை மட்டும் பாக்கணும்."